கோபுரமும் கட்டுப்பாட்டு அறையும் பொதுமக்கள் உடைமையாகவே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வீடுகளுக்கு வரும் மின்கட்டணச் சீட்டின் முகமே மாறிவிட்டது. பயன்படுத்தும் அளவுக்கேற்பப் படிப்படியாக ஏறும் விகிதம் மட்டும் இருந்த இடத்தில், எரிசக்திக் கட்டணம், கொள்ளளவுக் கட்டணம், வலையமைப்புக் கட்டணம், சில்லறைக் கட்டணம் என்று தனித்தனி வரிகள் அச்சாகி வருகின்றன. இவற்றுள் ‘சாஜ் ரங்கையான்’ என்ற வலையமைப்புக் கட்டணத்தைப் பற்றித்தான் எங்கள் சுங்கை சிப்புட் காப்பிக் கடைகளில் அதிகம் பேசப்படுகிறது. மின்சாரத்துக்குக் காசு வாங்குவது சரி, அது ஓடி வரும் கம்பிக்கும் வாடகையா என்று கேட்கிறார்கள். உங்கள் வாசகர் பகுதியிலும் இந்தக் கேள்வியை ஒட்டி இருவிதமான கருத்துகளைப் படித்தேன். இந்தக் கட்டணமே தேவையில்லை என்பது ஒன்று. கம்பிகளைப் பல தனியார் நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் போட்டி வந்து விலை இறங்கும் என்பது மற்றொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. அதே வேளையில், இப்போதுள்ள ஏற்பாடு அப்படியே தொடரலாம் என்றும் நான் கருதவில்லை. ஆகவே இக்கடிதம் சற்று நீளமாகவே இருக்கும்; இடம் கொடுக்க வேண்டுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதம் 300 யூனிட் பயன்படுத்தும் ஒரு தாமான் வீட்டை எடுத்துக்கொண்டால், யூனிட்டுக்கு 27.03 சென் என்ற எரிசக்திக் கட்டணம் 81 வெள்ளி (ரிங்கிட்) 9 சென்னும், 4.55 சென் என்ற கொள்ளளவுக் கட்டணம் 13 வெள்ளி 65 சென்னும், 12.85 சென் என்ற வலையமைப்புக் கட்டணம் 38 வெள்ளி 55 சென்னும் ஆகின்றன. 600 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் கிடையாது. சிக்கனமாகப் பயன்படுத்துவோருக்கு ஊக்கத்தள்ளுபடியும் கழிக்கப்படுவதால், கையிலிருந்து போகும் தொகை இந்தக் கூட்டுத்தொகையைவிடக் கணிசமாகக் குறைவு. பழைய கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பலருக்கு இறங்கியும் இருக்கிறது என்பதைக் குறை சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். இருந்தாலும், தள்ளுபடிக்கு முந்தைய கணக்கில் நூற்றில் ஏறத்தாழ 29 பங்கு கம்பிக்கும் கோபுரத்துக்கும் துணை மின்நிலையத்துக்கும் போகிறது. இது புதிதாக விதிக்கப்பட்ட சுமை அன்று. முன்பும் நாம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். மொத்தத் தொகைக்குள் மறைந்திருந்தது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. தெரிவது நல்லதுதான். தெரிந்தது போதுமா என்பதே என் கேள்வி.

நான் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆலைக்குத் தேவையான மின்சாரத்தை ஆலையே தயாரித்துக்கொள்வது எங்கள் தொழிலின் வழக்கம். பழத்திலிருந்து பிழிந்தெடுத்த நாரையும் கொட்டையின் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியால் சுழலியைச் சுற்றவைத்து, ஆலையின் இயந்திரங்களையும் குடியிருப்பின் விளக்குகளையும் நடத்துவோம். எங்கள் மின்னாக்கி நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பழம் அவிக்கும் கலனுக்கு நீராவியைத் திறந்துவிட்டதும் கொதிகலனின் அழுத்தம் விழும். கவனிக்காவிட்டால் சுழலி தளரும், அதிர்வெண் முள் கீழே சரியும், மோட்டார்கள் முனகும். அப்போது எந்தச் சுமையைக் கழற்றுவது என்பதை நொடிகளில் முடிவு செய்தாக வேண்டும். பிழியும் இயந்திரத்தை நிறுத்தினால் மேலாளர் சத்தம் போடுவார், குடியிருப்பை அணைத்தால் வீட்டில் சத்தம் போடுவார்கள். மின்சாரத்தைப் பொறுத்தவரை ஆக்குவதும் செலவழிவதும் அந்தந்த நொடியில் சமமாக இருந்தே தீர வேண்டும் என்ற பாடத்தை அந்த முள்தான் எனக்குக் கற்பித்தது.

இதே வேலையைத் தீபகற்பம் முழுவதற்கும் செய்வது தேசிய மின்கட்டமைப்பின் கட்டுப்பாட்டு மையம். அங்கே சமன்படுத்த வேண்டிய உச்சத் தேவை 2024-இலேயே 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மஞ்சோங்கின் நிலக்கரி நிலையம், திரெங்கானுவின் கென்னிர் அணை, எங்கள் பேராக் ஆற்றில் தெமெங்கோரிலிருந்து செண்டரோ வரை அடுக்கடுக்காக நிற்கும் அணைகள், வெயில் தாழ்ந்தால் ஓய்ந்துபோகும் சூரிய ஒளிப் பண்ணைகள் என எல்லாம் 500, 275, 132 கிலோவோல்ட் கம்பிகளால் பிணைக்கப்பட்டு ஒரே அதிர்வெண்ணில் சுற்றுகின்றன. இவ்வளவு உயர்ந்த அழுத்தம் ஏன் என்று பலர் கேட்பார்கள். அதே மின்திறனை இரு மடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பாதியாகும். கம்பி சூடாகி வீணாகும் ஆற்றல் நான்கில் ஒன்றாகும். மஞ்சோங்கில் ஆக்கிய மின்சாரம் ஜொகூருக்குப் போகும் வழியில் பெருமளவு வீணாகாமல் இருப்பதற்கு அந்த ராட்சதக் கோபுரங்களே காரணம்.

அந்தக் கோபுரங்களுக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் உள்ள உறவு பழையது. கோலகங்சாருக்கு மேலே பேராக் ஆற்றில் செண்டரோ அணையைக் கட்டி 1930 வாக்கில் மின்சாரம் எடுத்தது, பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் என்ற பிரிட்டிஷ் தனியார் நிறுவனம். அதன் கம்பிகள் ஓடியது கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு. வாங்கும் சக்தி சுரங்கக் கம்பெனிகளிடம் இருந்தது. கம்பி அவர்களைத் தேடிப் போனது. வழியிலிருந்த ரப்பர் தோட்டத்து லயங்களில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகளுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. பின்னாளில் தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் ஓடி, துரை குறித்த நேரத்தில் நின்றுவிடும். இதைப் பழங்கதை பேசுவதற்காகச் சொல்லவில்லை. இலாபம் மட்டுமே கம்பியின் பாதையைத் தீர்மானித்தால் அது எங்கே போகும், யாரைத் தாண்டிப் போகும் என்பதற்கு எங்கள் வட்டாரமே சாட்சி. கம்பிகளைப் போட்டிக்கு விட வேண்டும் என்று எழுதிய வாசகர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிலைமையை மாற்றியது பொதுத்துறை. 1949-இல் மத்திய மின்வாரியம் அமைந்தது. 1965-இல் அது தேசிய மின்வாரியமாயிற்று; மலாய்ப் பெயரின் சுருக்கம் எல்எல்என். எங்கள் வயதினர் இன்றும் மின்கட்டணத்தை ‘எல்எல்என் பில்’ என்றுதான் சொல்கிறோம். 1960களின் நடுவிலிருந்து தேசிய மின்கட்டமைப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னப்பட்டது. 1982-இல் அந்தப் பேராக் நீர்மின் நிறுவனமும் வாரியத்தின் கைக்கு வந்தது. 1980களில் கிளந்தான் வரை இணைந்த பிறகே தீபகற்பத்தைச் சுற்றிய வளையம் முழுமை பெற்றது. 1990 செப்டம்பர் 1-இல் வாரியம் தெனாகா நேஷனல் என்ற நிறுவனமாக மாறி, 1992-இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. (சபாவும் சரவாக்கும் தனிக் கட்டமைப்புகள். சரவாக்கில் மாநில அரசுக்கே சொந்தமான நிறுவனம் எல்லாவற்றையும் நடத்துகிறது. அதைப் பற்றிப் பேசினால் கடிதம் வேறு திசைக்குப் போய்விடும்.)

போட்டி என்ற மருந்தை இந்த நாடு ஏற்கெனவே ஒருமுறை சாப்பிட்டிருக்கிறது. 1992 செப்டம்பர் 29 அன்று தீபகற்பம் முழுவதும் இருண்டது. அதன் பின்னர் மின்னுற்பத்தி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டு, முதல் தனியார் உற்பத்தியாளர்கள் 21 ஆண்டு ஒப்பந்தங்களுடன் வந்தார்கள். மின்சாரம் தேவைப்பட்டாலும் தேவைப்படாவிட்டாலும், நிலையம் தயாராக நின்றதற்கே பணம் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தங்களின் உயிர்நாடி. இன்று நம் சீட்டில் கொள்ளளவுக் கட்டணம் என்று தனியாக நிற்கும் 4.55 சென்னும் அதே கருத்தின் மீது நிற்பதுதான். உற்பத்தியில் தனியார் வந்தது தவறு என்று சொல்ல மாட்டேன். அன்று மின்சாரப் பற்றாக்குறை மெய்யாகவே இருந்தது, நிலையங்களும் விரைவாக எழுந்தன. ஆனால் போட்டி என்ற பெயரில் வந்தது விலையில் போட்டியன்று, நீண்ட கால உத்தரவாதம் என்பதைக் கணக்கு தெரிந்தவர்கள் அறிவார்கள். 1996 ஆகஸ்ட் 3 மாலையில் பாக்கா மின்நிலையத்தின் அருகே ஒரு கம்பித்தடம் துண்டிக்கப்பட்டதில் தீபகற்பம் மீண்டும் முழுதாக இருண்டபோது, உற்பத்தி நிலையங்கள் எத்தனை இருந்தாலும் அவற்றைப் பிணைக்கும் கட்டமைப்பு தளர்ந்தால் எல்லாம் வீண் என்பது தெளிவாயிற்று.

அதன் பிறகு கட்டமைப்பு வலுப்பெற்றது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேற்குக் கரையோரமாக 500 கிலோவோல்ட் தடம் எழுந்தது. கெடாவின் குருணிலிருந்து தாய்லாந்துக்கு 300 மெகாவாட் நேர்மின்னோட்ட இணைப்பு வந்தது. 2022 ஜூலை 27 அன்று ஜொகூர் யோங் பெங்கில் ஒரு முதன்மைத் துணை மின்நிலையத்தில் சாதனக் கோளாறு ஏற்பட்டுப் பல ஊர்களில் மின்சாரம் போனது. ஆயினும் 1996-ஐப் போல் முழுத் தீபகற்பமும் விழவில்லை, சில மணி நேரத்தில் மீண்டது. அதிர்வெண் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் சில பகுதிகளைத் தானாகவே கழற்றிவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும் கருவிகள் கட்டமைப்பெங்கும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆலையில் நான் கையால் செய்த வேலைதான் அது. இதற்கெல்லாம் பணம் வேண்டும். 2025 முதல் 2027 வரையிலான ஒழுங்குமுறைக் காலத்தில் தெனாகா மின்கட்டமைப்பிலும் விநியோகத்திலும் செய்ய அனுமதிக்கப்பட்டிருக்கும் மூலதனச் செலவு, நிபந்தனைக்கு உட்பட்ட பகுதியையும் சேர்த்து, ஏறத்தாழ 42.8 பில்லியன் வெள்ளி. நம் 12.85 சென் அந்தக் கணக்கோடு பிணைந்தது.

இப்போது உடைமையைப் பற்றி. தெனாகா முழுக்க அரசு நிறுவனம் அன்று. ஆனாலும் அதன் பெரும்பங்கு பொதுப் பணத்தின் கையில்தான் இருக்கிறது. கஜானா நேஷனல், ஊழியர் சேமநிதி வாரியம், தேசிய முதலீட்டு நிதிகள், அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி ஆகியவை அதன் முக்கியப் பங்குதாரர்கள். நிதியமைச்சின் நிறுவனம் சிறப்புப் பங்கு ஒன்றையும் வைத்திருக்கிறது. இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தோட்டத்தில் பால் வெட்டியவரும் பழம் அறுத்தவரும் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடித்தம் செய்யக் கொடுத்த சேமநிதிப் பணத்தில் ஒரு துளி, நம் தலைக்கு மேலே செல்லும் அந்தக் கோபுரங்களில் இருக்கிறது. கட்டணம் உயர்ந்தால் நம் சீட்டு ஏறும். ஆதாயம் குறைந்தால் நம் ஈவுத்தொகையில் அது தெரியும். ஆக, வாடிக்கையாளர் என்ற முறையில் மட்டும் அல்ல, ஒரு வகையில் உரிமையாளர் என்ற முறையிலும் நாம் கேள்வி கேட்கலாம். காப்பிக் கடையில் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்க்கவில்லை.

கம்பித்தடம் இயல்பாகவே ஏகபோகம். சுங்கை சிப்புட்டைக் கடந்து செல்லும் உயர் மின்தடத்துக்கு இணையாக, போட்டி நிறுவனம் ஒன்று இன்னொரு வரிசைக் கோபுரங்களை நட வேண்டும் என்றால், அதற்கும் செம்பனைகளை வெட்டி இன்னொரு ரெந்திஸ், அதாவது கம்பிக்கு அடியிலான வெற்றுப் பாதை, திறக்க வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவை ஒரே வாடிக்கையாளர் கூட்டம்தான் சுமக்க வேண்டும். இது யாருக்கும் ஆதாயம் இல்லை. ஏகபோகம் தவிர்க்க முடியாதது என்று ஆனபின், அது பொதுமக்களுக்குப் பதில் சொல்லும் கையில் இருக்க வேண்டும் என்பதே என் நிலை. பிலிப்பீன்ஸில் 2009-இல் நாட்டின் உயர் மின்தடங்களை நடத்தும் பொறுப்பு 25 ஆண்டுச் சலுகையில் ஒரு தனியார் கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. கோபுரங்கள் அரசு நிறுவனத்துக்குச் சொந்தம். நடத்தும் கூட்டமைப்பிலோ சீன அரசின் மின்கட்டமைப்பு நிறுவனத்துக்கு 40 விழுக்காட்டுப் பங்கு. தேசியப் பாதுகாப்பைக் காட்டி அந்நாட்டு நாடாளுமன்றத்தில் பின்னர் எழுந்த விவாதங்களைப் படித்தவர்கள், நம் கோபுரங்களை அப்படி ஒப்படைக்கச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் உடைமை மட்டும் போதாது. யார் கம்பியை வைத்திருக்கிறார் என்பது ஒரு கேள்வி; கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எந்த நிலையம் எப்போது ஓட வேண்டும் என்று சொல்பவர் யார் என்பது வேறு கேள்வி. நம் நாட்டில் மின்சாரத்தை மொத்தமாகக் கொள்முதல் செய்யும் ஒற்றைக் கொள்வனவாளரும், கட்டமைப்பை இயக்கும் கட்டமைப்பு இயக்குநரும் தெனாகாவின் கூரைக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி விதிகளால் வேலி போடப்பட்டிருக்கிறது. எரிசக்தி ஆணையம் மேற்பார்க்கிறது. அந்த அதிகாரிகளின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதே கூரையின் கீழ்ச் சொந்த மின்நிலையங்களும் இருக்கும்போது, வேலி எவ்வளவு உயரம் என்று வெளியில் நிற்பவர் கேட்பது இயற்கை. 2024-இல் அறிமுகமான நிறுவனப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் திட்டத்தின்படி, பசுமை மின்சாரம் ஆக்கும் பிற நிறுவனங்களும் கட்டணம் செலுத்தித் தெனாகாவின் கம்பி வழியாகத் தங்கள் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கலாம். இனி கேள்வி கேட்பவர்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

இந்த இடத்தில் இந்தியாவின் அனுபவம் நமக்குப் பயன்படும். நம்மில் பலருக்கு அங்கே உறவினர் உண்டு. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள், நாள்தோறும் பல மணி நேரம் நீடித்த மின்வெட்டைப் பற்றிப் புலம்பியதையும் கேட்டிருப்போம். உற்பத்திக் குறைவு ஒரு காரணம். தென்னிந்தியக் கட்டமைப்பு வடக்கோடு முழுமையாகப் பிணைக்கப்படாமல் இருந்ததால், வடக்கில் மின்சாரம் மிஞ்சினாலும் தெற்கே போதிய அளவில் கொண்டுவர வழியில்லை என்பது மற்றொரு காரணம். (அந்தப் பிரிவே 2012 ஜூலை 30, 31 நாள்களில் வட, கிழக்கு இந்தியாவில் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் இருண்டபோது தெற்கைக் காப்பாற்றியது என்பது வேடிக்கை.) 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இணைந்ததும் இந்தியா முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்கத் தொடங்கியது. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் தடம் எழுந்து, 6,000 மெகாவாட் வரை தெற்கே கொண்டுவரும் வழி திறந்தது. இவற்றின் பின்னணியில் நிற்பது 1989-இல் தொடங்கப்பட்ட பவர்கிரிட் என்ற மத்திய அரசு நிறுவனம். அதன் பங்குகள் சந்தையில் விற்கப்பட்டாலும் பாதிக்குச் சற்று மேல் இன்றும் அரசிடம் உள்ளன.

நான் சுட்டிக்காட்ட விரும்புவது அதற்கு அடுத்த படியை. கம்பியை வைத்திருக்கும் பவர்கிரிட்டிடமே கட்டுப்பாட்டு அறையும் இருந்தால் நடுநிலை கெடும் என்று கருதி, இயக்கும் பணியை முதலில் ஒரு துணை நிறுவனமாக்கி, 2017-இல் முற்றிலும் பிரித்து, அரசுக்கே சொந்தமான தனி நிறுவனமாக நிறுத்தினார்கள். அதன் இன்றைய பெயர் கிரிட் இந்தியா. இரண்டும் பொதுத்துறையே, ஆனால் கோபுரம் ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம். இதனால் தமிழ்நாட்டுக் கிராமத்து மின்விளக்கு விட்டுவிட்டு எரிவது நின்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. அங்கே விநியோகம் மாநிலத்தின் கையில், தீராத கடனோடு இருக்கிறது. அது வேறு நோய். பிரிட்டனையும் பாருங்கள். 1990-இல் மின்துறையைத் தனியார்மயமாக்கி உலகுக்கே வழிகாட்டியதாகச் சொல்லிக்கொண்ட நாடு, 2024 அக்டோபர் 1 அன்று கட்டமைப்பை இயக்கும் பணியை மட்டும் திரும்ப அரசுடைமையாக்கியது. கம்பிகள் தனியாரிடமே இருக்க, கட்டுப்பாட்டு அறை பொதுமக்களிடம் வந்தது.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதன்று. 2019-இல் அறிவிக்கப்பட்ட மின்துறைச் சீர்திருத்தத் திட்டம் இத்தகைய மாற்றங்களைப் பற்றிப் பேசியது. 2020-இல் அரசு மாறியதும் அது மறுஆய்வு என்ற அலமாரிக்குள் போயிற்று. அதிலிருந்த எல்லாவற்றையும் நான் ஆதரிப்பவன் அல்லேன். சில்லறை விற்பனையில் போட்டி என்ற பகுதி எங்களைப் போன்ற சிற்றூர்களுக்கு என்ன செய்திருக்கும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் கட்டமைப்பு இயக்குநரை அரசுக்குச் சொந்தமான தனி அமைப்பாக நிறுத்துவதற்கு அந்தத் திட்டம் முழுவதையும் கட்டி இழுத்து வர வேண்டியதில்லை. கோபுரங்கள் தெனாகாவிடமே இருக்கட்டும். பொதுநிதிகளின் பெரும்பான்மைப் பங்கு குறையாமல் பார்த்துக்கொள்ளட்டும். கட்டுப்பாட்டு அறையை மட்டும் தனியே எடுங்கள்.

அடுத்தது, 12.85 சென்னின் கணக்கு. இதில் உயர் மின்தடத்துக்கு எவ்வளவு, ஊருக்குள் வரும் 33, 11 கிலோவோல்ட் விநியோகத்துக்கு எவ்வளவு என்று சீட்டில் பிரித்துக் காட்டுவது கடினமான வேலையன்று. கட்டணத்தை நிர்ணயிக்கும்போது அந்தப் பிரிவுகளைத் தனித்தனியாகத்தான் கணக்கிடுகிறார்கள். அதைப் பொதுமக்களும் பார்க்கலாமே. பிரித்துக் காட்டினால்தான், இப்போது ஜொகூரிலும் சிலாங்கூரிலும் எழும் தரவு மையங்களுக்காக அமைக்கப்படும் பெரிய துணை மின்நிலையங்களின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை நாம் அறிய முடியும். ஒரு பெரிய தரவு மையம் கேட்கும் மின்சாரம் ஒரு சிறு நகரத்தின் தேவைக்குச் சமம். பெரிய வாடிக்கையாளர் வந்தால் கட்டமைப்பின் நிலையான செலவு பலரிடையே பகிரப்பட்டு, வீட்டுக்காரரின் பங்கு குறையவும் கூடும் என்ற வாதம் உண்டு; அது சரியான வாதம்தான். ஆனால் எதிர்பார்த்த மையம் வராமல் போனாலோ, வந்து பாதி அளவே பயன்படுத்தினாலோ, கட்டிய துணை மின்நிலையத்தின் செலவு கணக்கில் நிற்கும், சுமை எல்லோர் சீட்டிலும் ஏறும். அவர்களுக்காகவே அமைக்கப்படும் தடத்தின் செலவை அவர்களே ஏற்க வேண்டும், இடையில் விலகினால் மிச்சத்தையும் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கிறதா என்பதை ஆணையம் வெளிப்படையாகச் சொல்லட்டும்.

அதே போல, 2022 ஜூன் முதல் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கியது. தொடக்க அளவு 100 மெகாவாட். ஆசியான் மின்கட்டமைப்பு வளர வளர இந்த வழிப்போக்கு மின்சாரம் பெருகும். நம் கம்பியைப் பயன்படுத்த அவர்கள் கொடுக்கும் கட்டணம் நம் வலையமைப்புக் கட்டணத்தைக் குறைக்க எவ்வாறு பயன்படுகிறது என்பதையும் அதே கணக்கில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

தோட்டப்புறத்துக்காரன் என்ற முறையில் இன்னும் ஒரு வேண்டுகோள். இது நாடாளுமன்றம் வரை போகத் தேவையில்லாதது. உயரமான செம்பனைகளில் குலை அறுக்க அலுமினியக் கம்பு பயன்படுகிறது. நீட்டினால் மர உச்சிக்கு எட்டும் அந்தக் கம்பு, தோட்டச் சாலையோரம் செல்லும் 11, 33 கிலோவோல்ட் கம்பிக்கும் எட்டும். உயர் மின்தடத்தில் தொடக்கூட வேண்டியதில்லை. நெருங்கினாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாயும். இன்று அந்தக் கம்பைப் பிடித்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளத்திலிருந்து வந்தவர்கள். கோபுரத்தின் காலில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையை அவர்களில் எத்தனை பேர் படிக்க முடியும்? ரெந்திஸில் காய்கறி போடுவோரும், காய்ந்த மட்டைகளைக் குவித்து எரிப்போரும், கம்பிக்கு அடியில் எழும் அடர்ந்த புகையே மின்தடையை உண்டாக்கக் கூடும் என்பதை அறிய மாட்டார்கள். அவரவர் மொழியில், படத்தோடு, தோட்ட அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. வலையமைப்புக் கட்டணத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

தற்போதைய கட்டணக் கணக்கு 2027 டிசம்பர் 31-இல் முடிகிறது. அடுத்த காலத்துக்கான செலவும் ஆதாய விகிதமும் அதற்கு முன்பே ஆணையத்தின் மேசையில் முடிவாகிவிடும். முடிவான பிறகு சீட்டைப் பார்த்துக் கடிதம் எழுதுவதில் பயனில்லை. ஆகவே எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும், பேராக்கிலிருந்து சென்றுள்ள மற்ற உறுப்பினர்களும் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், கட்டமைப்பு இயக்குநரைத் தனி அரசு அமைப்பாக்கும் திட்டம் உள்ளதா, வலையமைப்புக் கட்டணத்தின் உட்பிரிவுகள் 2028 தொடங்கியேனும் சீட்டில் வெளியிடப்படுமா என்ற இரு கேள்விகளை மக்களவையில் எழுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து மூலம் வரும் பதிலைத் தாங்கள் தமிழில் முழுமையாக வெளியிட்டால், எங்கள் ஊரில் அதை எடுத்து வைத்துப் படிக்கப் பலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை சார்ஜ்மேன்,
சுங்கை சிப்புட், பேராக்.